இரண்டாவது மிஸ்டு கால்

போன் ஒரே ஒருமுறை அடித்து நின்றுவிட்டால் எனக்கு இன்றைக்கும் கை சில்லிட்டுப் போகிறது. என் மகள் கேலி செய்வாள். "லோன் வேணுமான்னு கேக்குறவனா இருப்பாம்மா, இதுக்குப் போய் இப்படி முழிக்கிற" என்பாள். அவளுக்கு மிஸ்டு கால் என்றால் எடுக்கத் தவறிய அழைப்பு, அவ்வளவுதான். எங்களுக்கு அது ஒரு பாஷை. பஸ் ஏறிவிட்டேன், வாசலில் நிற்கிறேன், பால் வாங்கிவிட்டேன், கோபம் தீர்ந்துவிட்டது என்று சகலத்தையும் ஒரு பைசா செலவில்லாமல் பேசிவிடுவோம். அப்படிப் பேசியே பழகியதால்தான் பேச வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை என்று சில சமயம் நினைப்பேன். உடனே அது சாக்கு என்றும் தோன்றும்.

இங்கிலீஷில் பாண்டிச்சேரி என்று எழுதியிருந்த பலகைகளையெல்லாம் புதுச்சேரி என்று மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, டவுனை ஒட்டிய சாரத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது, அப்புறம் அது நின்றுபோகும்போதெல்லாம் போய்த் திட்டு வாங்குவது, இதுதான் எங்கள் தொழில். முதலாளி ஒருவர், வேலைக்கு நாங்கள் இரண்டு பேர்.

அந்த இன்னொருவர் அரியாங்குப்பத்துக்காரர். வயதில் என்னைவிட மூன்று வருஷம் பெரியவர், வேலையில் ஆறே மாதம் மூத்தவர். விவசாயக் குடும்பம். காலையில் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஒன்பதரைக்கு ஆபீஸ் வருவார். குனிந்து கேபிள் இழுக்கும்போது கணுக்காலில் காய்ந்த சேறு தெரியும். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்த அண்ணேயில் பாதி மரியாதை, பாதி சண்டை. அவர் எந்த வேலையையும் மூன்று முறை சரிபார்ப்பார். எனக்கு ஒருமுறை பார்ப்பதற்கே பொறுமை கிடையாது. "எங்க கிழிஞ்சாலும் பரவால்ல, சீக்கிரம் கிழிஞ்சா சரின்னு வேல செய்ற" என்று ஒருமுறை சொன்னார். நான் இரண்டு நாள் பேசவில்லை.

மிஸ்டு கால் ஏற்பாடு அவர் செய்ததுதான். தனித்தனி இடத்தில் வேலை பார்க்கும்போது, ஒரு மிஸ்டு கால் வந்தால் சிக்கல், உடனே வா என்று அர்த்தம். இரண்டு வந்தால் முடிந்துவிட்டது, வர வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் இது பிசகே இல்லாமல் ஓடியது. இரண்டு என்பது ஒன்றில்தான் தொடங்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு அனுப்பும் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று படித்துப் பாஸ் செய்து, அதையே பிழைப்பாகவும் வைத்திருந்தவர்கள் நாங்கள். எங்கள் செய்திக்கு மட்டும் அதை யோசிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி இருந்தது. கோட்டை மாதிரிச் சுவர். ஒரு ஓட்டை போட அரை நாள் ஆகும். அங்கே முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த ஒரு சின்ன அறையில் அவர்களுடைய சுவிட்ச் இருந்தது. சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. ஆபீஸில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரின் கேபிளும் வந்து சேருகிற ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. அது நின்றால் எல்லாம் நின்றது. அந்தப் பெட்டி வாரத்துக்கு இரண்டு தடவை தானாக உறைந்துபோய்க்கொண்டிருந்தது. அதற்குள் ஓடுகிற மென்பொருளை, நாங்கள் இமேஜ் என்று சொல்வோம், புதியதாக மாற்றினால் சரியாகிவிடும் என்று பெட்டியைத் தயாரித்த கம்பெனிக்காரனின் வெப்சைட்டில் போட்டிருந்தது.

மாற்றுவதில் ஒரு சங்கடம். பெட்டிக்குள் இடம் குறைவு, பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க முடியாது. முதலில் பழையதை அழிக்க வேண்டும், பிறகுதான் புதியதை ஏற்ற முடியும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் பெட்டிக்குள் எதுவுமே இருக்காது. ஏற்கெனவே நினைவுக்கு எடுத்துக்கொண்டதை வைத்து அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி செத்தது.

பாண்டியில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெள்ளைக்காரன் போனாலும் அவனுடைய மத்தியானத் தூக்கம் போகவில்லை என்பார் எங்கள் முதலாளி. அந்தக் கம்பெனியும் ஒன்றிலிருந்து மூன்று வரை ஆளில்லாமல் கிடக்கும். எனவே எங்களுக்கு அதுதான் வேலை நேரம். அண்ணன் போய்ச் செய்வதாகத்தான் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் அவருக்கு நடவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. விட்டால் அந்த வாரம் கிடைக்காது. லீவு போட்டார். வேலையைத் தள்ளிவைக்கலாம் என்றார் முதலாளி. நான்தான் வீம்பாக, "நான் தனியாவே முடிச்சிடுவேன் சார், இதுக்கு ரெண்டு பேரா?" என்றேன். அண்ணன் ஒரு கோடு போட்ட தாளில் என்னென்ன எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதி நாலாக மடித்துக் கொடுத்தார். அதை வாங்கிப் பைக்குள் போட்டேன். பிரித்துப் பார்ப்பதே எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் ஒரு மணிக்குப் போனபோது கம்பெனி மேனேஜர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஆம்பள ஆளு யாரும் வரலியா?" என்றார். "பொட்டிக்கு அதெல்லாம் தெரியாது சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. வாசலில் வாட்ச்மேன் நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தார். தெருவில் ஒரு சைக்கிள் கூட இல்லை.

லேப்டாப்பைச் சுவிட்சோடு இணைத்தேன். பழையதை அழித்தேன். புதியதை ஏற்ற ஆரம்பித்தேன். திரையில் ஆச்சரியக்குறிகளாக ஓடும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு துண்டு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் தடங்கலில்லை. எல்லாம் வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் அடுத்த கட்டளையைத் தட்டினேன், பெட்டியை நிறுத்தி மறுபடி துவக்கும் 'ரீலோடு' கட்டளை. பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் இருக்கும் ஒரு விளக்கு மட்டும் பச்சையாக மினுக்க ஆரம்பித்தது.

அந்த இடத்தில்தான் போனை எடுத்து அவருக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்தேன்.

ஏன் செய்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பச்சை விளக்கைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து, இரண்டில் முதலாவதைக் கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் விளக்குகள் அணைந்த அந்த நேரத்தில் ஒரு பயம் வந்ததும் உண்மை. ஆளில்லாத வீடு, நான் கைவைத்துச் சாகடித்த பெட்டி, மூன்று மணிக்குத் திரும்பி வரப்போகிற மேனேஜர். யாராவது வந்தால் தேவலை என்று அந்த விரல் நினைத்திருக்கலாம். விரலைக் கேட்டால் சொல்லுமா?

இரண்டாவதை அடிக்கப் போகும்போது திரையைப் பார்த்தேன். பெட்டி பாதியில் நின்றிருந்தது. தானாகத் துவங்க முடியவில்லை, எந்தக் கோப்பிலிருந்து துவங்குவது என்று சொல்லவும் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய இமேஜின் பெயரைத்தான் அதற்கு எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள். அதை அழித்த நான் புதிய பெயரைச் சொல்லாமலேயே துவக்கிவிட்டேன். அது கண்ணை விழித்து, இல்லாமல் போனதைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அண்ணனின் தாளைப் பிரித்தேன். ஆறாவது வரி, 'புதுப் பேரச் சொல்லிட்டு அப்பறம் ரீலோடு.' அடியில் இரண்டு கோடு.

ஒரு ரிங் மட்டும் கொடுத்திருக்கிறேன், அது வா என்று அர்த்தமாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். பேசிவிடலாம் என்றும் தோன்றியது. போனில் பேலன்ஸ் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேசினால் என்ன ஆச்சு என்று கேட்பார். ஆறாவது வரியைப் பார்க்கவில்லையா என்பார். அதற்குள் சரிசெய்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்துவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. இதுதான் என் மனதில் ஓடியது. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதிய பெயரைத் தட்ட ஆரம்பித்தேன். புள்ளியும் எண்ணுமாக நீளமான பெயர். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது முறை அது ஏற்றுக்கொண்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, மஞ்சளிலேயே வெகுநேரம் நின்று, பிறகு பச்சையாயின. எல்லாம் பச்சை என்று பார்த்த பிறகு இரண்டாவது மிஸ்டு காலைக் கொடுத்தேன்.

பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. ரொம்ப ருசியாக இருந்தது என்றுகூட ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனதில்லை.

மூன்று மணிக்கு முதலாளி போன் செய்தார். அண்ணன் அரியாங்குப்பத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் லாரியில் அடிபட்டுவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை என்றார். டவுனைப் பார்க்கத்தான் அவருடைய வண்டி வந்துகொண்டிருந்ததாம்.

சாவு வீட்டில் முதலாளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவனுக்கு இன்னிக்கு லீவுங்க. டவுனுக்கு எதுக்கு வந்தான்னே தெரியல. நீ ஏதாச்சும் கூப்ட்டியாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "முடிஞ்சுதுன்னு ரெண்டு மிஸ்டு கால் குடுத்தேன் சார். ரெண்டு குடுத்தா வர வேணாம்னு அர்த்தம்" என்றேன். பொய் இல்லை. கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அண்ணனின் சித்தப்பாவிடம் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னேன். அண்ணனின் அம்மா சேற்றுக் காலோடு கழனியிலிருந்து ஓடி வந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. சுவரோரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி, எனக்கு அண்ணி, முகத்தைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த ஏற்றுமதிக் கம்பெனியின் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. சுவிட்ச் ஒருமுறைகூட உறையவில்லை. உறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் போய் என்ன நிலவரம் என்று கேட்டால் முதலில் அது சொல்வது, கடைசியாகத் துவங்கியதிலிருந்து எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். வாரம், நாள், மணி, நிமிஷம். அண்ணன் செத்து எத்தனை நாள் என்று அவர் வீட்டில்கூட யாரும் இவ்வளவு துல்லியமாக எண்ணியிருக்க மாட்டார்கள். நான்கு வாரம் என்றது. பதினோரு வாரம் என்றது. பழுதுபார்க்கப் போகாத நாளிலும் மதிய நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வருவேன். வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த அறையின் மூலையில் யாரோ குனிந்து கேபிள் இழுக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது தெரிந்தே திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்தில் அவர்கள் தெருமுனையிலிருந்து பாலம் வரை ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். ஆறு நிமிஷம் வந்தது. இன்னொரு தடவை ஓட்டினேன், ஏழு வந்தது. முதல் காலுக்கும் இரண்டாவது காலுக்கும் இடையில் ஒன்பது நிமிஷம் என்பது என் போனில் இருந்தது. அவர் உடனே கிளம்பினாரா, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாரா? நான் இரண்டாவதை அடித்தபோது அவர் சட்டைப்பையில் போன் அடித்ததா? அடித்ததை எடுத்துப் பார்க்கக் குனிந்தாரா? இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எந்தப் பக்கமும் முடியவில்லை. யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. சொல்லவும் பயமாக இருந்தது.

பத்து மாதம் ஆனது. அவருடைய நம்பரை நான் அழிக்கவில்லை. ஒரு மத்தியானம் உழவர்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். போன் ஒருமுறை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். திரையில் அண்ணே என்று இருந்தது.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இரண்டாவது வருமா என்று போனையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஒன்றுதான். ஒன்று என்றால் வா.

மறுமுனையில் யார் இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எழுதவில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அரியாங்குப்பம் போனேன். அண்ணி வீட்டுப் பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"ஒண்ணு குடுத்தா வருவேன்னு தெரியும்" என்றார்.

அவர் இடுப்பில் செருகியிருந்த அண்ணனின் போனை எடுத்து, பட்டனை அழுத்தி என்னிடம் நீட்டினார். என் பெயர் இரண்டு முறை இருந்தது. மணி ஒன்று நாற்பத்திரண்டு. மணி ஒன்று ஐம்பத்தொன்று.

"போனு அன்னிக்கு அவருகிட்ட இல்ல. சார்ஜ் இல்லன்னு டிவி மேல வச்சிட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது கால் வந்தப்ப நான் தெருவு வரைக்கும் ஓடுனேன். வண்டியக் காணம்."

இடைவெளி அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. சாவு வீட்டில் அவர் பார்த்த பார்வைக்கு அதுதான் அர்த்தம். காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தது. அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை, அவருக்கு அவசரம் வேறாக இருந்தது.

"ரெண்டு குடுத்தேன் ரெண்டு குடுத்தேன்னு அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்ன இல்ல? வர வேணாம்னு சொல்லியும் ஏன் போனான்னு அத்த கேட்டாங்க. கழனிலேர்ந்து சாப்ட வந்தவன், திரும்பிக் கழனிக்கு வராம டவுனுக்கு ஏன் போனான்னு கேட்டாங்க. தட்டுல பாதி சோறு கெடந்துது. அதப் பாத்துட்டாங்க. நான் சண்ட போட்டு, சாப்புட வுடாமத் தொரத்திட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் சொன்னா யாரு நம்புறாங்க? வர்ற வெள்ளிக்கெழம என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பப் போறாங்க. கொழந்தைய இங்கயே வச்சிக்குவாங்களாம்."

என் வாயிலிருந்து வந்த அரை உண்மை இங்கே வந்து இந்த வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து மாதம் நான் நிமிஷங்களை எண்ணிக்கொண்டு, என் துக்கத்தை நானே பெரிதாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணைப் பற்றி ஒருநாள்கூட யோசிக்கவில்லை. பெட்டியைப் போய்ப் பார்த்தேனே தவிர, பாலத்தைத் தாண்டி இங்கே வந்து இவரைப் பார்க்கவில்லை.

"நான் சொல்றேன் அண்ணி" என்றேன்.

அண்ணனின் அம்மா முன் அறையில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். சித்தப்பா நாற்காலியில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். சுவிட்ச், இமேஜ் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லி என்ன பயன்? ஒரு பெட்டியைச் சரிபண்ணப் போனேன், அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். எங்களுக்குள் இருந்த ஏற்பாட்டைச் சொன்னேன். "ஒண்ணு குடுத்தா வான்னு அர்த்தம்மா. நான் ஒண்ணுதான் குடுத்தேன். ரெண்டாவது ஒம்போது நிமிஷம் கழிச்சுத்தான் குடுத்தேன். அதுக்குள்ள அவரு கெளம்பிட்டாரு. நான் பயந்துபோய்க் கூப்ட்டேன். எனக்கு ஒத்தாச பண்ணத்தான் வந்தாரு. வீட்ல எந்தச் சண்டையும் இல்ல."

பயந்துபோய்க் கூப்பிட்டேன் என்று என் வாயே சொல்லியது. அதுவா இதுவா என்று பத்து மாதம் தீர்க்க முடியாததை ஒரு வரியில் தீர்த்துவிட்டேன். அவர்களுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. இனிமேல் அதுதான் உண்மை என்று எனக்கும் தோன்றியது. கேவலமாக இருந்தது, கூடவே பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

அம்மா விசிறுவதை நிறுத்திவிட்டார். "கோவிச்சிக்கினு போவலியா?" என்றார்.

"இல்லம்மா."

"நீ கூப்ட்டுத்தான் போனானா?"

"ஆமாம்மா."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னாடி உனக்கு? பத்து மாசமா இவள நான் பேசாத பேச்சு பேசிட்டனே" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. மகனுக்காக அழுதாரா, மருமகளைப் பேசியதற்காக அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவோரம் நின்றிருந்த அண்ணியைப் பார்த்து, "வெள்ளிக்கெழம எங்கயும் போவ வேணாம்" என்றார். சித்தப்பா எழுந்து, என்னைப் பார்க்காமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் வந்தபோது கழற்றிவிட்ட செருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணி என்னோடு தெரு வரை வந்தார். வண்டிச் சாவியைப் போடும்போது கைப்பிடியில் கையை வைத்து நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்றேன், உன்னோட வச்சிக்க. நீ கூப்ட்டன்னு அவரு எழுந்திருக்கல."

எனக்குப் புரியவில்லை.

"போனு அடிச்சு நின்னுது. யாருன்னாரு, நீதான்னேன். அவரு சிரிச்சாரு. 'இன்னொண்ணு வரும் இரு. அது அப்டித்தான், முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு சொல்லும்'னாரு. கைய எடுக்கல, சாப்ட்டுக்கினே இருந்தாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. பொம்பளப் புள்ள, யாருமில்லாத வூட்டுல தனியா மாட்டிக்கினு இருக்கும், போய்ப் பாத்துட்டு வந்துடுங்கன்னு நான்தான் தட்டப் புடிச்சு இழுத்தேன். நான்தான் அனுப்புனேன்."

அவர் முகத்தில் அழுகை இல்லை. பத்து மாதமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து இப்போது என் கையில் கொடுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கிற மாதிரி நின்றார். நான் என்ன செய்வது? அந்த ஒரு ரிங்கை இரண்டில் முதலாவது என்று நம்பிய ஒரே ஆள் அண்ணன்தான். அவர் நம்பியதைத்தான் இப்போது அவர் அம்மாவிடம் பொய் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"எவ்ளோ நேரம் பாத்தாரு அண்ணி, இன்னொண்ணு வருமான்னு?" என்று கேட்டேன்.

அண்ணி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"நாலு வாய் சோறு" என்றார்.